தோனா அமேலியாவின் விடுமுறை முகாம்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது அப்பாவுக்கு விடுமுறை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு துக்கச் செய்தியைப் போலத்தான் வந்து சேர்ந்தது.

நாங்கள் மொன்றியலில் இருந்தோம்; அப்பா ஆற்றுக்கு அக்கரையில், லவாலில் ஓர் உணவகத்தில் சமையற்காரராக இருந்தார். ஏழு வருடங்களில் ஒரு நாள்கூட அவர் லீவு எடுத்ததில்லை. பனிப்புயலில் பஸ் நின்றுபோன ஒரு நாள் பாலத்தைக் கால்நடையாகவே கடந்து வேலைக்குப் போய், அங்கே உணவகம் பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பி வந்தவர். அப்படிப்பட்டவரை முதலாளி கூப்பிட்டு, ஜூலை மாதக் கடைசியில் ஒரு கிழமை, ஏழு நாளும், வர வேண்டாம், சட்டப்படி விடுமுறை எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அதே கேள்வியை முதலாளியிடமும் கேட்டாராம். முதலாளி சிரித்தாராம். அந்தச் சிரிப்புத்தான் அப்பாவுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அம்மாவின் நிலை வேறு. அவர் வேலை செய்த ஆடைத் தொழிற்சாலை ஒவ்வொரு வருடமும் அதே காலத்தில் இரண்டு கிழமை பூட்டப்படும். அப்போது மாகாணத்தில் பாதிப்பேர் காரின் தலையில் படகைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு எங்கோ போய்விடுவார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள், அங்கே போய் என்ன செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா அந்த இரண்டு கிழமையும் வீட்டில் இருந்து வெளி ஆட்களுக்குச் சட்டை தைப்பார். அதுதான் எங்கள் விடுமுறை.

அந்த வருடம் அதை மாற்றியவர் தோனா அமேலியா. அம்மாவின் வரிசைக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான, அகலமான, காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகிய போர்த்துக்கீசப் பெண். தோனா என்பது அவர்களுடைய பாஷையில் பெண்களுக்கு முன்னால் போடுகிற மரியாதைச் சொல். எங்களுக்கு அது தெரியாது. முதற்பெயர் தோனா, இரண்டாம் பெயர் அமேலியா என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. தோனா அமேலியாவின் பிரெஞ்சோ மற்றவர்களுக்கு விளங்காது. ஆனாலும் அவர்கள் இருவரும் சிநேகிதிகள் ஆகியிருந்தார்கள். ஒரு நாள் வியர்வை துடைக்க எதையோ தேடிய அம்மா, பக்கத்து மெஷினில் இருந்த மன்னார் அன்ரியிடம், "என்ர லேஞ்சியைக் கண்டனீரோ?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் நின்ற தோனா அமேலியா திடுக்கிட்டுத் திரும்பி, தன் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து உயர்த்தி, "லேன்சு?" என்றாராம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் இருவரும் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். மேசை, மேசா. உட்காருகிற வாங்கு, பாங்கு. காலில் போடுகிற சப்பாத்து, அவருக்கும் சப்பாத்து. பேக்கரியில் வாங்கிய பாண், பாவ்ங். துடைக்கிற துவாய், துவாலியா. நானூறு வருடத்துக்கு முன் எங்கள் ஊரைப் பிடித்த போர்த்துக்கீசர் விட்டுவிட்டுப் போன சாமான்கள் எல்லாம் மொன்றியலில் ஒரு தையல் மேசையில் திரும்பவும் வரிசையாக வைக்கப்பட்டன. அன்றிலிருந்து அம்மாவின் தையலில் தோனா அமேலியா குறை கண்டுபிடித்தது இல்லை.

தோனா அமேலியாவின் தம்பிக்கு இல்-பிசாரில் ஆற்றோரமாக ஒரு வீடு இருந்தது. அவர் குடும்பத்தோடு போர்த்துக்கலுக்குப் போகும்போது, தக்காளிச் செடிகளுக்கும் வைன் பிழிகிற முந்திரிகைப் பந்தலுக்கும் தண்ணீர் விடும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பெரிய வீடு ஒரு கிழமை சும்மா கிடக்கப்போகிறது என்பதைத் தோனா அமேலியாவால் பொறுக்க முடியவில்லை. தன் வரிசையில் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்களையும் குடும்பத்தோடு வரச் சொன்னார். அழைப்பு மாதிரி இருக்கவில்லை. உத்தரவு மாதிரி இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வான் வரும், ஆளுக்கு ஒரு துவாய், ஒரு தலையணை உறை.

மன்னார் அன்ரி தன் இரண்டு பொடியன்களோடும் வந்தார். அவருடைய கணவர் லொறி ஓட்டிக்கொண்டு மேற்கே போயிருந்தார். ஆகவே அந்த வானில் ஏறிய ஒரே வளர்ந்த ஆண் அப்பாதான். ஒரு பயணப் பையையும், துணியில் சுற்றிய சமையல் கத்தியையும் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்போல இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக எங்கள் எல்லோரையும் நிறுத்தார்கள். தோனா அமேலியா குளியலறைத் தராசைச் சமைக்கிற குசினி நடுவில் கொண்டுவந்து வைத்து, ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவராக ஏறினோம். அப்பா ஏறியபோது முள் ஐம்பத்து நாலில் நின்றது. தோனா அமேலியா முள்ளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"ஒரு சமையற்காரர்!" என்றார் பிரெஞ்சில், கோயிலில் களவு நடந்ததைக் கேள்விப்பட்டவர்போல.

பிறகு என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். அந்தக் கிழமை முழுவதும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். நான் சொன்னேன்: "போகேக்க எல்லாரும் இப்ப இருக்கிறதைவிடப் பாரமா இருக்க வேணுமாம். அப்பதான் விடுமுறை சரியாம். இல்லாட்டிப் பிழையாம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பரீட்சை வைத்த மாதிரி இருந்தது. அப்பா பெயிலாகிவிடுவார் என்ற கவலை அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்பாவின் கத்தி பறிமுதல் செய்யப்பட்டது. விடுமுறையில் இருக்கிற தொழிலாளி தன் தொழிலைத் தொடக்கூடாது என்பது தோனா அமேலியாவின் சட்டம். கத்தி அலுமாரிக்கு மேலே போனது. அம்மாவும் அன்ரியும் ஊசியைத் தொடக்கூடாது. அன்ரியின் சின்னப் பொடியனின் காற்சட்டையில் பொத்தான் கழன்றபோது, அவன் கிழமை முழுவதும் அதைக் கையால் பிடித்துக்கொண்டு திரிந்தான்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது. ஏழு மணிக்கு விசில். ஏழேகாலுக்கு உடற்பயிற்சி. எட்டு மணிக்குச் சாப்பாடு. பத்து மணிக்கு ஆற்றில் குளிப்பு, இருபது நிமிடம். இரண்டிலிருந்து நாலுவரை மௌனம். ஐந்திலிருந்து ஆறுவரை மகிழ்ச்சி.

அம்மா என்னிடம் கீழே தமிழிலும் எழுதச் சொன்னார். மகிழ்ச்சி என்ற சொல்லில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது. "இதில என்ன செய்யிறது?" என்று தோனா அமேலியாவிடம் கேட்டேன். மகிழ்ச்சியாக இருப்பது என்றார்.

இப்போது எனக்கு அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தெரியும். பெரியவளானபின் ஒரு நாள் நூலகத்தில் அதைப் பற்றிப் படித்தேன். போர்த்துக்கலை நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பிடித்து வைத்திருந்த சர்வாதிகார அரசாங்கம், தொழிலாளர்களின் ஓய்வைக் கவனிக்கவென்று ஓர் அமைப்பை நடத்தியது. அதன் பெயரிலேயே மகிழ்ச்சி என்ற சொல் இருந்தது. வேலைநிறுத்தம் செய்தால் பிடித்து அடைப்பார்கள். ஒழுங்காக இருந்தால் கடற்கரை முகாமுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கி இருந்தது, கொடியேற்றம் இருந்தது, பெண்களின் குளியலுடை எந்த இடம்வரை மறைக்கவேண்டும் என்பதற்கும் அந்த நாட்டில் சட்டம் இருந்தது. தோனா அமேலியாவுக்குத் தெரிந்த ஒரே விடுமுறை அதுதான். அதை அப்படியே எங்களுக்குத் தந்தார்.

முதல் நாள் உடற்பயிற்சியை நான் மறக்கமாட்டேன். பனி ஈரம் காயாத புல்லில் நாங்கள் வரிசையாக நின்றோம். அப்பா முழுக்காற்சட்டை, பெல்ட், சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு கடைசியில் நின்றார். விசில் ஒரு தடவை ஊதினால் கைகள் மேலே, இரண்டு தடவை ஊதினால் கால்விரலைத் தொடவேண்டும். அப்பாவின் கை முழங்காலோடு நின்றுவிட்டது. தோனா அமேலியா அவருக்கு மட்டும் தனியாக இன்னொரு தடவை ஊதினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அம்மாவின் தோள்கள் குலுங்குவதை அப்பா பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, கையை முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை இறக்கிக் காட்டினார். அம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஆற்றுக்கு அம்மாவும் அன்ரியும் வீட்டில் போடுகிற நீளச் சோட்டியோடு இறங்கினார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை துணி. மன்னார் அன்ரி, "இதோட இறங்கினா இவ பேசுவாவோ?" என்று தயங்கினார். தோனா அமேலியா அவர்களைச் சுற்றி வந்து பார்த்து முழுத் திருப்தியோடு தலையாட்டினார். அந்தச் சர்வாதிகாரி உயிரோடு இருந்திருந்தால் சோட்டிக்கு ஒரு பதக்கமே கொடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது மௌன நேரம்தான். இரண்டு மணிக்கு விசில் ஊதியதும் எல்லோரும் படுக்கவேண்டும். அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையால் தொடையில் எதையோ நறுக்குவதுபோலத் தட்டிக்கொண்டிருப்பார். "இதென்ன, மறியல்ல போட்டுப் பூட்டின மாதிரியெல்லோ கிடக்கு" என்று ஒரு நாள் இரகசியமாகச் சொன்னார். அன்ரி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மகிழ்ச்சி நேரத்தில் தோனா அமேலியா ஒரு பாட்டு கஸெற்றைப் போடுவார். நாங்கள் வாங்கில் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுவோம். ஆறு மணியானதும் அவர் கஸெற்றை நிறுத்துவார், நாங்கள் மகிழ்ச்சியை நிறுத்துவோம்.

புதன்கிழமை காலை அப்பா குசினிச் சுவரில் இருந்த தொலைபேசியில் தன் உணவகத்தைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா, சூப் சரியாக வருகிறதா என்று கேட்டார். எல்லாம் நன்றாக நடக்கிறது, கவலைப்படாதே, நல்லாக ஓய்வெடு என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டுச் சிறிதுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இல்லாமல் எப்படி நன்றாக நடக்கும் என்பதுதான் அவருடைய முகத்தில் எழுதியிருந்தது.

குளிப்பு நேரத்துக்கு எல்லோரும் ஆற்றுப்பக்கம் போனபோது அவர் முன்கதவால் வெளியே போனார். நான் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்ப் பின்னால் நின்றேன்.

"எங்கயப்பா போறியள்?"

"இஞ்ச கிட்டத்தான். ஒருக்கா றெஸ்ரோரண்டை எட்டிப் பாத்திட்டு வாறன். நீ போ."

"நானும் வாறன்."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். என்னைத் திருப்பி அனுப்பினால் நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இல்-பிசாரில் பஸ்ஸைப் பிடிப்பது இலேசு அல்ல. பெரிய பெரிய வீடுகள், மரங்கள், ஆளில்லாத தெருக்கள். தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் நின்றோம். நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதர், லவாலுக்குப் போவதென்றால் தெருமுனையில் படகு இருக்கிறதே என்றார். கோடை காலத்தில் மட்டும் ஓடுகிற படகு. அப்பா முகம் மலர்ந்தார். ஆற்றைக் கடந்தால் லவால், லவாலில் உணவகம். கணக்குச் சரியாக இருந்தது.

அந்தப் படகு ஒரு தட்டையான தகரத் தட்டு மாதிரி இருந்தது. ஆறேழு கார்கள் ஏறலாம். தண்ணீருக்குள் கிடந்த ஒரு கம்பி வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெல்லப் போகும். நாங்கள் கார்களுக்கு முன்னால், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வடம் தண்ணீரிலிருந்து எழும்பி, சொட்டச் சொட்ட எங்களை நோக்கி வந்தது. நான் கத்தினேன். ஐந்து நிமிடத்தில் அக்கரை வந்துவிட்டது.

அக்கரையில் லவால் இருந்தது. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்த லவால் அங்கே இல்லை. இன்னும் பெரிய வீடுகள், இன்னும் பெரிய மரங்கள். படகுக்காரரிடம் பஸ் எங்கே நிற்கும் என்று அப்பா தன் குசினிப் பிரெஞ்சில் கேட்டார். படகுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, நாற்பது நிமிடம் நடக்கவேண்டும் என்றார். அப்பா என் கால்களைப் பார்த்தார். நான் ஆற்றில் குளிக்கப் போட்டிருந்த ரப்பர் செருப்போடு வந்திருந்தேன்.

நெடுநேரம் அவர் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, திரும்புவம்" என்றார்.

திரும்பி வரும்போது ஒரு விசைப்படகு பக்கத்தால் சீறிக்கொண்டு போனது. அதன் அலை எங்கள் படகின் முன்தட்டில் மோதி அப்பாவின் சட்டை, காற்சட்டை, சப்பாத்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். அதன்பின் சிரித்தார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. வயிற்றிலிருந்து வந்த, எனக்குப் புதிதான ஒரு சத்தம். அவரிடம் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இக்கரை வந்தது. கார்கள் இறங்கின. நாங்கள் இறங்கவில்லை.

"இன்னொருக்கா போவமே?" என்று அப்பா கேட்டார். அவர் என்னிடம்தான் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது.

ஐந்து தடவை போய் வந்தோம். மூன்றாவது தடவை அப்பா சப்பாத்தைக் கழற்றினார். நாலாவது தடவை காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். எங்களை இறக்குவதை விட்டுவிட்ட படகுக்காரர், ஐந்தாவது தடவை அப்பாவைத் தன் கூண்டுக்குள் ஏற்றிக் கைப்பிடியைத் தொட்டுப்பார்க்க விட்டார். துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரோடு அப்பா பாதி மொழியிலும் பாதிக் கையாலும் கதைத்தார். கிழவர் பிடித்த இரண்டு மீன்களில் ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

நாங்கள் திரும்பும்போது மணி மூன்றாகிவிட்டது. மௌன நேரம். ஆனால் ஒருவரும் படுக்கவில்லை. எல்லோரும் வாசலில் நின்றார்கள். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. தோனா அமேலியா விசிலைக் கையில் இறுகப் பிடித்திருந்தார்.

"என்னப்பா இது, எங்க போறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போகக்கூடாதே? ஆத்தங்கரை முழுக்கத் தேடிப்போட்டு வாறம்" என்று அம்மா சத்தம் போட்டார்.

அப்பா வாசற்படிக்குக் கீழேயே நின்றார். ஒரு கையில் சப்பாத்து, மறுகையில் மீன்.

தோனா அமேலியா கடகடவென்று பேசத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். "அவ இருந்த முகாமில ஒருத்தி ஆள் எண்ணுற நேரத்துக்கு வரேல்லையாம். அண்டைக்கே வீட்டுக்கு அனுப்பிப் போட்டினமாம்." அப்பா தலையைக் குனிந்தார். தோனா அமேலியா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். நனைந்த சட்டை, சுருட்டிய காற்சட்டை, வெறுங்கால். கடைசியாக மீனைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த கத்தியை எடுத்து வந்து, கைப்பிடிப் பக்கத்தை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வைத்த மீன்குழம்பை நாங்கள் பாணோடு சாப்பிட்டோம். தோனா அமேலியா கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் அப்பா வாங்கில் சரிந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். விசில் இல்லாமலே எல்லோரும் மௌனமானோம். அப்பா பகலில் தூங்குவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த நாள் ஐந்து மணிக்குத் தோனா அமேலியா கஸெற்றைப் போடவில்லை. விசில் ஊதி எங்களை வரிசையாக நிறுத்தி, தெருவால் நடத்திக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினார். ஆறு மணிவரை ஆற்றில் அங்கும் இங்கும் போய் வந்தோம். அலை அடித்தபோது அவரும் கத்தினார். பாதுகாப்புக்கு இடையிடையே விசிலும் ஊதினார். படகுக்காரர் பயந்து இரண்டு தடவை படகை நிறுத்தியதும் நடந்தது.

கடைசி நாள் வந்தது. மத்தியானம் தராசு முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே, ஒரு பலகையின் மேல் வைக்கப்பட்டது. காலையிலிருந்தே நான் அப்பாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தூங்கினார், சாப்பிட்டார், உண்மை. ஆனால் என் கண்ணுக்கு அவர் அப்படியேதான் இருந்தார். இந்த விடுமுறை பிழையென்று அந்தக் கொப்பியில் எழுதப்பட்டால் அப்பா இனி ஒருநாளும் விடுமுறை எடுக்கமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆகவே அவருடைய காற்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது, ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களை இரண்டு பைகளிலும் நிரப்பி, பொத்தான்களைப் பூட்டிவிட்டேன். அவசரமாக உடுத்திக்கொண்ட அப்பா, என்ன இது கீழே இழுக்கிறது என்று பெல்ட்டை இறுக்கியபடியே தராசில் ஏறினார்.

முள் ஐம்பத்தெட்டைத் தாண்டி நின்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். தோனா அமேலியா கைதட்டவில்லை. பென்சிலைக் காதில் செருகிவிட்டு, அப்பாவைச் சுற்றி ஒரு தடவை வந்து, அவருடைய பையைத் தட்டினார். கல் சத்தம் கேட்டது. அப்பா கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு கல்லையும் அதிசயமாகப் பார்த்தார். ஒன்பது கற்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அழத் தயாரானேன். அதற்குள் தோனா அமேலியா வாங்கில் தொப்பென்று விழுந்து, மேசையை அடித்து அடித்துச் சிரித்தார். லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அப்பாவைத் திரும்பவும் தராசில் ஏற்றினார். கல் இல்லாமலே ஐம்பத்தைந்தரை. அதைக் கொப்பியில் பெரிதாக எழுதினார். பிறகு என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, "உன் அம்மாவுக்குச் சொல்லு" என்று தொடங்கினார்.

நான் சொன்னேன். "அப்ப அவவுக்குப் பதினாறு வயசாம். மீன் டின்னில அடைக்கிற பக்டரியில வேலையாம். ஒரு கிழமை கடற்கரை முகாமுக்கு அனுப்பினவையாம். முதல் நாளும் கடைசி நாளும் நிறுப்பினமாம். கடைசி நாள் பெரிய ஆக்கள் படம் எடுக்க வந்தவையாம். பாரம் கூடாத பிள்ளையளுக்கு நேர்ஸ்மார் தண்ணி பருக்கினவையாம். இவ அஞ்சு கிளாஸ் குடிச்சவவாம். படத்தில சிரிச்சுக்கொண்டு நிக்கிறாவாம், ஆனா சரியான அவசரமாம்."

அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா ஒரு தட்டில் முந்திரிகைப் பழத்தையும் பாணையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தார்.

தோனா அமேலியா தொடர்ந்தார். நானும் தொடர்ந்தேன். "பேந்து எல்லாரையும் கடிதம் எழுதச் சொன்னவையாம். நாட்டை ஆளுறவருக்கு. கரும்பலகையில எழுதிவிட்டதைப் பாத்து எழுதினதாம். வெயிலுக்கும் கடலுக்கும் பாணுக்கும் நன்றி எண்டு. இவ நல்ல வடிவான எழுத்தில எழுதினவவாம்."

"அதில என்ன?" என்று அம்மா கேட்டார்.

அதைப் பிரெஞ்சில் கேட்டேன். தோனா அமேலியா ஒரு கல்லை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். சின்னதாக ஒரு பதில் சொன்னார். எனக்குத் தெரிந்த சுலபமான சொற்கள்தான். அப்படியே தமிழில் சொன்னேன்.

"அப்ப அவவின்ர அப்பா உள்ளுக்கு இருந்தவராம். மூண்டு வருசம்."

அம்மாவின் கை பாணின்மேல் அப்படியே நின்றது. அப்பா ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தக் கிழமை எப்பிடி இருந்தது எண்டு கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். "நல்லா இருந்ததாம். தன்ர வாழ்க்கையில அவ்வளவு நல்லா ஒரு கிழமையும் இருந்ததில்லையாம். அதுதான் தனக்கு இண்டைக்கும் கோபமாம்." நன்றாக இருந்ததற்கு ஏன் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. பிழையாக மொழிபெயர்த்துவிட்டேனோ என்று இன்னொரு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

அம்மா சொன்னார்: "என்ர அண்ணையும் உள்ளுக்கு இருந்தவர் எண்டு சொல்லு. அப்ப ஒரு மந்திரி எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். நான் றோட்டில நிண்டு கொடி ஆட்டினனான். ஆளுக்கொரு பணிஸ் தந்தவை." நிறுத்திவிட்டு, "நல்ல பணிஸ் எண்டும் சொல்லு" என்றார்.

சொன்னேன். பணிஸ் என்பதற்குச் சின்ன இனிப்புப் பாண் என்றேன். தோனா அமேலியா அம்மாவைப் பார்த்தார். அம்மா தோனா அமேலியாவைப் பார்த்தார். திடீரென்று இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே தோனா அமேலியா மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமாவை எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை தொலைபேசியில் என்னோடு கதைப்பார். அவர் ஏன் உள்ளுக்கே இருந்தார்? தோனா அமேலியாவின் அப்பா ஏன் மூன்று வருடம், மகள் கடற்கரைக்குப் போனபோதும்கூட, வீட்டைவிட்டு வெளியே வரவில்லை? வெயில் பிடிக்காதவர்களாக இருக்கவேண்டும். விடுமுறை பிடிக்காத எங்கள் அப்பாவைப் போல. ஆனால் அப்பாவே வெளியே வந்துவிட்டாரே.

"அவையை வெளியில வாங்கோ எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்லையோ?" என்று அம்மாவிடம் கேட்டேன். நியாயமான கேள்வியாகப் பட்டதால் நானே அதைப் பிரெஞ்சிலும் கேட்டேன்.

தோனா அமேலியா என் தலையில் கையை வைத்தார்.

"கூப்பிட்டோம்" என்றார்.

அம்மாவும் தலையாட்டினார். "ஓம், கனக்கக் கூப்பிட்டனாங்கள்."

அவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை என்றால் இரண்டு பேரும் சரியான பிடிவாதக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு துண்டுப் பாணை எடுத்தேன்.